கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது?

கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் கம்யூனிட்டி கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறும். ஆகவே முடிவெடுக்கும் முன் உங்கள் கல்லூரி ஆலோசகரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஃபிரீமான்ட், ஒரு தாய்): மேடம், என் மகனுக்கு பெர்க்லியும் கிடைக்கவில்லை, சான் டியேகோவும் கிடைக்கவில்லை. ஓலோனி என்ற கம்யூனிட்டி கல்லூரியில் சேர்கிறேன் என்கிறான். ஊரில் மாமனார் மாமியாரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. இது இறக்கம்தானே?

பதில்: இல்லை அம்மா. நம் ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார் அல்லவா? அதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இன்னும் ஒரு படி மேலே, கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்கள். கையில் வாங்கும் பட்டத்தில் பெர்க்லி என்றுதான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தார் என்று அதில் எழுத மாட்டார்கள்.

இது ஏதோ பின்வாசல் என்றும் நினைக்காதீர்கள். 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே இந்தப் பாதையை மாநிலம் வகுத்துவிட்டது. இன்று 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களின் அளவை இங்கே யூனிட்டில் கணக்கிடுவார்கள். மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது யூ.சி.யில், கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலரைத் தொடும். முழுநேரமாக முதன்முறை சேரும் மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு ஆண்டு அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கின்றன. சேரும்போதே கேளுங்கள்.

மாமனார் மாமியாரிடம் "இரண்டு ஆண்டில் யூ.சி.க்குப் போகிறான்" என்றே சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பாடத்திட்டத்தை அவன் முதல் நாளிலேயே போட வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி (அந்த மகனே எழுதுகிறார்): அக்கா, எனக்குக் கணினி அறிவியல் வேண்டும். முதல் ஆண்டில் பொதுப்பாடங்களை முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் கணக்கு, இயற்பியல், நிரலாக்கம் எடுக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். 60 யூனிட் வந்தால் போதும்தானே?

பதில்: தம்பி, 60 யூனிட் சேர்ப்பது எளிது. எந்த 60 என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நண்பன் சொன்ன வரிசையில் போனால் இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்றாகும்.

முதலில் அசிஸ்ட் இணையதளத்தைத் திற. உன் கல்லூரி, நீ போக விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் (பட்டத்துக்கான முதன்மைத் துறை) மூன்றையும் கொடு. பக்கத்தின் இடப்புறம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்புறம் அதற்கு ஈடான உன் கல்லூரிப் பாடம். சில இடங்களில் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'மற்றும்' என்று இருக்கும். இரண்டையும் எடுத்தால்தான் அது ஒன்றாகக் கணக்கில் வரும். 'அல்லது' என்றிருந்தால் ஒன்று போதும். இந்தச் சின்னச் சொல்லைக் கவனிக்காமல் விட்டவர்கள் கடைசி செமஸ்டரில் வந்து தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வலப்புறம் ஈடான பாடம் இல்லை என்று இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் அது இருக்கிறதா என்று பார். ஒரு வளாகத்தோடு நிற்காமல் மூன்று நான்கு வளாகங்களுக்கு இதே போல அச்செடுத்து, எல்லாவற்றிலும் வரும் பாடங்களைக் கோடிட்டு வை. அவைதான் உன் முதுகெலும்பு.

அடுத்து, அவற்றைச் சங்கிலியாகக் கட்டு. கால்குலஸ் 1 முடிக்காமல் கால்குலஸ் 2 எடுக்க முடியாது. பொறியியல் மாணவருக்கான இயற்பியலின் முதல் பாடத்துக்கும் கால்குலஸ் வேண்டும். அதை முடித்தால்தான் மின்காந்தவியல். ஆகவே செமஸ்டர் கல்லூரியில் உன் திட்டம் ஏறத்தாழ இப்படி வரும். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1, முதல் நிரலாக்கப் பாடம், ஆங்கிலக் கட்டுரைப் பாடம். இரண்டாவதில் கால்குலஸ் 2, இயற்பியலின் முதல் பாடம், அடுத்த நிரலாக்கப் பாடம். மூன்றாவதில் கால்குலஸ் 3, மின்காந்தவியல், தரவுக் கட்டமைப்பு. நான்காவதில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், விடுபட்ட பொதுப்பாடங்கள். இதில் கால்குலஸ் 1 ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் பின்னால் வரும் அத்தனையும் தள்ளிப்போகும். பொதுப்பாடங்களுக்கு இந்தச் சங்கிலி கிடையாது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே செருகலாம், கோடை விடுமுறையில்கூட.

இன்னொரு கணக்கையும் பார். இரண்டு ஆண்டு என்கிறோம். ஆனால் யூ.சி. விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் நவம்பர் இறுதியில் போய்விடும். ஆகஸ்டில் சேர்ந்தவனுக்கு அது பதினைந்தாவது மாதம். அப்போது அவர்கள் முன் இருப்பது பெரும்பாலும் உன் முதலாண்டு மதிப்பெண்தான். அந்த முதலாண்டில் கணக்கும் நிரலாக்கமும் இல்லாவிட்டால் எதை வைத்து உன்னை எடை போடுவார்கள்?

கேள்வி (சான் ஹோசே, கல்லூரி மாணவி): கால்-கெட்சி என்கிறார்கள், ஐகெட்சி என்கிறார்கள். எனக்கு எது?

பதில்: இரண்டும் பொதுப்பாடப் பட்டியல்கள், ஐகெட்சி பழையது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குக் கால்-கெட்சிதான். 11 பாடங்கள், 34 யூனிட், எல்லாவற்றிலும் குறைந்தது 'சி'. முன்பு யூ.சி.க்கு ஒரு பட்டியல், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது சி.எஸ்.யூ.வுக்கு, இன்னொரு பட்டியல் என்று இருந்தது. இப்போது இரண்டுக்கும் ஒன்றே. பேச்சுப் பயிற்சிப் பாடமும் இனக்குழு ஆய்வுப் பாடமும் இதில் கட்டாயம். 2025க்கு முன் சேர்ந்து தொடர்ந்து படித்துவருபவர் பழைய பட்டியலிலேயே முடிக்கலாம்.

நீ உளவியல், பொருளியல், அரசியல் போன்ற துறைக்குப் போகிறாய் என்றால் இதை முழுதாக முடித்துவிட்டுப் போ. பொறியியலுக்குப் போகிறவர்களிடம் நான் வேறு மாதிரி சொல்வேன். மேஜர் பாடங்களும் யூ.சி. கேட்கும் அடிப்படை ஏழு பாடங்களும் முதலில். மிச்சமிருக்கும் பொதுப்பாடத்தைப் போன இடத்தில் முடித்துக்கொள்ளலாம். அந்த ஏழில் இரண்டு ஆங்கிலம், ஒன்று கணிதம், மற்ற நான்கு வேறு துறைகளிலிருந்து.

பாட எண்கள் மாறியிருப்பதைக் கண்டும் குழம்ப வேண்டாம். எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான எண்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.

கேள்வி (மில்பிடாஸ், ஒரு தந்தை): டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் வாங்கினால் இடம் உறுதி என்கிறார்கள். 'டேக்' போட்டாலும் உறுதி என்கிறார்கள். என் மகளுக்கு இரண்டில் எது நல்லது?

பதில்: இரண்டும் வெவ்வேறு வாசல்கள், சார். உறுதி என்ற சொல்லுக்கு இரண்டிலும் எல்லை உண்டு.

டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே கம்யூனிட்டி கல்லூரி தரும் இரண்டு ஆண்டுப் பட்டம், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதை முடித்தால் சி.எஸ்.யூ. அமைப்பில் எங்காவது ஓரிடம் உண்டு. எந்த வளாகம், எந்த மேஜர் என்பதற்கு உறுதி இல்லை. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்லா மேஜர்களுக்குமே இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். ஆகவே 'இந்தப் பட்டம் இருக்கிறது, வீட்டிலிருந்தே சான் ஹோசேவுக்குப் போய்வருவாள்' என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதே துறையில் இடம் கிடைத்தால் மேற்கொண்டு 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம் முடியும் என்பது இதன் பெரிய பலன்.

'டேக்' என்பது மாறிவரும் மாணவருக்கு இடத்தை உறுதி செய்யும் யூ.சி.யின் ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் ஏற்பார்கள். அதற்குப் பின் நவம்பரில் வழக்கமான விண்ணப்பத்தையும் போட்டே ஆக வேண்டும். மதிப்பெண் வரம்பு வளாகத்துக்கு வளாகம் மாறும். கணினி, பொறியியல் போன்ற போட்டி மிகுந்த மேஜர்களைப் பல வளாகங்கள் இதிலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

மகளின் மேஜர் இரண்டுக்கும் பொருந்தினால் இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். பாடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். மோதினால், அவள் உண்மையிலேயே போக விரும்பும் இடத்துக்குரிய பாடத்தை எடுக்கச் சொல்லுங்கள். அசோசியேட் பட்டம் இல்லாமலே யூ.சி.க்குப் போகலாம். மேஜருக்குரிய கணக்குப் பாடம் இல்லாமல் போக முடியாது.

கேள்வி (கூப்பர்டினோ, மாணவர்): டீ அன்சா கல்லூரியில் கால்குலஸின் முதல் பாடம் முடித்துவிட்டேன். அடுத்ததை ஓலோனியில் எடுக்கலாமா? அங்கே மாலை வகுப்பு இருக்கிறது.

பதில்: வேண்டாம். டீ அன்சாவில் குவார்ட்டர் முறை (கல்வியாண்டுக்கு மூன்று பருவம்), ஓலோனியில் செமஸ்டர் முறை (இரண்டு பருவம்). மூன்று குவார்ட்டர் சேர்ந்தால்தான் இரண்டு செமஸ்டர். ஆகவே உன் முதல் பாடம் முடிந்த இடம், அங்கே முதல் பாடம் முடியும் இடத்துக்கு வெகு முன்னால் இருக்கிறது. நடுவில் விட்டுப்போனதை யாரும் உனக்குக் கற்றுத்தர மாட்டார்கள். பல்கலைக்கழகமும் தொடரை அரைகுறை என்று எண்ணலாம். கால்குலஸ், இயற்பியல், வேதியியல் தொடர்களைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடி. வரலாறு, உளவியல் போன்ற தனிப்பாடங்களை எங்கே வேண்டுமானாலும் எடு. யூனிட் கணக்கையும் கவனி: ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட். உனக்குத் தேவை 60 அல்ல, 90.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் எழுதிய ஏ.பி. என்னும் கல்லூரி நிலைத் தேர்வுகள் வீணா?

பதில்: வீணில்லை. கால்-கெட்சியில் சில பகுதிகளை அவற்றால் நிரப்பலாம். விமர்சனச் சிந்தனைப் பாடத்தையும் பேச்சுப் பாடத்தையும் நிரப்ப முடியாது. மேஜர் பாடத்துக்கு ஏ.பி.யை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனியாகப் பாருங்கள். மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அதிகாரபூர்வமாக அனுப்பாவிட்டால் எதுவும் கணக்கில் வராது.

கேள்வி (டப்ளின், ஒரு தாய்): நாங்கள் எச்-1பி விசாவில் எட்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மகனுக்கு எங்களைச் சார்ந்த எச்-4 விசா, வயது பத்தொன்பது. கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிக் கட்டணம்தான் கட்டுகிறோம். கவலைப்பட எதுவும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது அம்மா, அதை இப்போதே பேசிவிட வேண்டும். எச்-4ல் இருக்கும்வரை கலிபோர்னியாவில் மாநிலவாசியாகக் கருதப்பட முடியும். 21 வயது நிறைந்தால் பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். எஃப்-1ல் இருப்பவர் மாநிலவாசி ஆக முடியாது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்கான ஏபி 540 சலுகையும் இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அந்த நிலையில் யூ.சி.யில் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும்.

ஆகவே உங்கள் மகனுக்குப் பாட வரிசை மட்டும் அல்ல, பிறந்தநாளும் திட்டத்தின் பகுதி. குடியேற்ற வழக்கறிஞரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வயதைக் கணக்கிடுவதில் சட்டப்படி அவனுக்குக் கழிவு ஏதும் கிடைக்குமா? விசா மாற்றத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? பிறகு கல்லூரியில் மாநிலவாசித் தகுதியைப் பார்க்கும் அலுவலரிடம், விசா மாறினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்-1 வந்தபின் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும், அதில் ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான் சேரும். அதனால் ஆன்லைனில் முடிக்க நினைத்திருக்கும் பொதுப்பாடங்களை எச்-4ல் இருக்கும்போதே, கோடையிலும் சேர்த்து, முடிக்கச் சொல்லுங்கள்.

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாரம் நியாயமே அல்ல என்று எனக்கு மனம் நோகிறது. அவனிடம் மறைக்காதீர்கள். தெரிந்தால் அவனே வேகமாகத் திட்டமிடுவான்.

கேள்வி (பிளெசன்டன், பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை): இப்போதே கம்யூனிட்டி கல்லூரிப் பாடங்களை எடுத்தால் பின்னால் முதலாண்டு மாணவியாக விண்ணப்பிக்க முடியாதா?

பதில்: முடியும். பள்ளியில் படிக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களால் அந்தத் தகுதி போகாது. பள்ளி முடித்தபின் வழக்கமான பருவத்தில் கல்லூரியில் சேர்ந்தால்தான் டிரான்ஸ்ஃபர் மாணவி ஆவாள். ஆனால் இப்போது வாங்கும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். பள்ளிச் சுமையோடு சேர்த்து நான்கு பாடம் ஏற்றிவிடாதீர்கள். அவளுக்கு ஆசையுள்ள ஒரு பாடத்தில் தொடங்கட்டும்.

கேள்வி (ஹேவர்ட், மாணவர்): கால்குலஸ் 2ல் முதல் இரண்டு தேர்விலும் சரியாக வரவில்லை. விலகினால் 'டபிள்யூ' விழும். இருந்து 'சி' வாங்கவா?

பதில்: 'டபிள்யூ' சராசரியைத் தொடாது. 'சி' வாங்கிவிட்டால் அந்தப் பாடத்தைப் பொதுவாக மறுபடி எடுக்க விடமாட்டார்கள். 'டி' என்றால் எடுக்கலாம். ஆகவே கணினி, பொறியியல் நோக்கம் உள்ளவர் 'சி'யில் மாட்டிக்கொள்வதைவிட ஒருமுறை விலகுவது மேல். ஒரே ஒருமுறை. அதற்கு முன் பேராசிரியரை அவர் அலுவல் நேரத்தில் பார்த்து, இன்னும் 'பி' சாத்தியமா என்று நேராகக் கேள். விலகும் கடைசித் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவை. யூ.சி. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பாடத்திலிருந்து பின்னால் விலகினால் அவர்களுக்குத் தெரிவிப்பதும் உன் பொறுப்பு.

கேள்வி (சன்னிவேல், எச்-4 விசாவில் இருக்கும் பெண்): தமிழ்நாட்டில் பி.காம். முடித்திருக்கிறேன். பத்து ஆண்டு இடைவெளி. அசோசியேட் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: தொடங்க வேண்டியதில்லை அம்மா. எச்-4ல் படிக்கத் தடை இல்லை. உங்கள் பி.காம். சான்றிதழை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பாடவாரியாக மதிப்பிடச் செய்யுங்கள். கணக்கியல்தான் விருப்பம் என்றால் கம்யூனிட்டி கல்லூரியில் தேவையான பாடங்களை மட்டும் எடுத்துச் சான்றிதழ் பெறலாம், அல்லது முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு யூ.சி.யில் வழி மிகக் குறுகல். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கேள்வி (டேவிஸில் இடம் கிடைத்த மாணவி): அக்கா, இடம் வந்துவிட்டது! இனி என்ன?

பதில்: வாழ்த்துகள் கண்ணா! அந்தக் கடிதம் நிபந்தனையோடு வந்தது. வசந்தப் பருவப் பாடங்களை முடித்து மதிப்பெண்ணைக் காத்துக்கொள். அசோசியேட் பட்டம் தானாக வராது, அதற்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அதன் கடைசித் தேதி பருவத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். இறுதி மதிப்பெண் பட்டியல் கேட்கும் படிவத்தில் கால்-கெட்சி சான்றிதழுக்கான கட்டத்தையும் குறி. கோடையில் ஒரே ஒரு பாடம் வேறு கல்லூரியில் எடுத்திருந்தாலும் அங்கிருந்தும் பட்டியல் போக வேண்டும். எல்லாம் ஜூலை 1க்குள் டேவிஸுக்குப் போய்ச் சேரட்டும்.