குளிர்ந்த அணுவும் அறைவெப்பக் கண்ணாடியும்

வணக்கம். நான் அவிநாசி அருகே ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்வித்த சீசியம் அணுக்களைக் கண்ணாடி இழையிலிருந்து வெறும் 230 நானோமீட்டர் தொலைவில் நிறுத்திவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இழை அறைவெப்பத்தில்தானே இருக்கிறது? சித்திரை வெயிலில் காய்ந்த பாறைமேல் வெண்ணெயை வைத்ததுபோல் ஆகிவிடாதா?

அன்புள்ள நண்பருக்கு,

பாறையைத் தொடுவதால்தான் வெண்ணெய் உருகுகிறது. வெற்றிடத்தில் எதையும் தொடாமல் நிற்கும் அணுவுக்குச் சூடு அந்த வழியாக வராது. கதிர்வீச்சு வழியாக வரலாம். ஆனால் அறைவெப்பத்திலுள்ள பொருள் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பையே உமிழ்கிறது, சீசியமோ 852 நானோமீட்டர் ஒளியை வலுவாக உள்வாங்கும் அணு என்பதால், அந்தக் கதிர்வீச்சை அது ஏறக்குறையப் பொருட்படுத்துவதே இல்லை.

அணுவுக்கு முதல் ஆபத்து சூடல்ல, ஒட்டிக்கொள்வது. எந்தப் பரப்பும் தன்னருகே வரும் அணுவை இழுக்கும். இந்த இழுப்பு தொலைவோடு எப்படிக் குறைகிறது என்பதை இயற்பியலாளர்கள் காசிமிரும் போல்டரும் 1948-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2010-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இயற்பியலாளர் ரவுஷென்போய்டலின் குழுவினர் இதைச் சமாளித்த விதம் தங்களுக்குப் பிடிக்கும். 125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடி இழையைத் தீச்சுடரில் இளக்கி, 500 நானோமீட்டர் ஆகும்வரை இழுத்தார்கள். ரோவிங்கை, அதாவது நூலாவதற்கு முந்தைய பஞ்சுத்திரியை, நூலாக இழுக்கும் வேலைதான், முறுக்கு மட்டும் கிடையாது. கிடைப்பது ஒரு பருத்தி நாரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த இழைக்குள் செலுத்தும் லேசர் ஒளி முழுவதும் அடங்காமல், ஒரு பகுதி வெளியே பரப்பையொட்டி ஓடி, சில நூறு நானோமீட்டருக்குள் தேய்ந்துவிடுகிறது. 1064 நானோமீட்டர் ஒளி அணுவை இழைப்பக்கம் இழுக்கிறது, 780 நானோமீட்டர் ஒளி தள்ளுகிறது. தள்ளும் ஒளி விரைவில் தேய்வதால் அருகில் தள்ளலும் சற்றுத் தொலைவில் இழுப்பும் ஓங்கி, இடையில் ஒரு பள்ளம் உண்டாகிறது. அணு அந்தப் பள்ளத்தில் தங்கும்.

ஆயினும் தங்கள் ஐயம் வீணானதல்ல, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அப்படிப் பிடித்த அணுக்கள் ஒரு நொடிகூட நிலைக்காமல் சூடேறித் தப்பின. அதன் காரணத்தை இன்ஸ்ப்ரூக், வியன்னா ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-இல் விளக்கினார்கள்: அறைவெப்பத்திலுள்ள இழை, தன் வெப்பத்தாலேயே மிக நுண்ணிய அளவில் வளைந்து வளைந்து அதிர்கிறது, பள்ளத்தை உண்டாக்கும் ஒளி அந்த இழையோடு பிணைந்திருப்பதால், பள்ளமும் சேர்ந்து ஆடி அணுவைக் குலுக்குகிறது. ஆகக் கண்ணாடியின் சூடு அணுவைச் சேரத்தான் செய்கிறது, அதிர்வின் வழியாக. அணு பள்ளத்துக்குள் ஆடும் அதிர்வெண்ணும் இழையின் அதிர்வெண்களும் ஒத்துப்போகாதபடி இழையின் தடிமனையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிண்டிலை அதன் இயல்பதிர்வெண்ணுக்கு உரிய வேகத்தில் ஓடவிடாமல் தாங்கள் பார்த்துக்கொள்வதும் இதே கவலையால்தான்.