அரிசியில் வண்டு, உப்பிய டின், இருட்டில் சமையல்: வீட்டு இருப்பு பற்றிய கேள்விகள்

இருபது வருடம் மளிகைக் கிடங்கில் சரக்கின் தரம் பார்த்தவள் நான். இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி அவசரகால இருப்பைப் பற்றியவை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

தேக்காவில் 25 கிலோ பொன்னி அரிசி வாங்கி வைத்தேன். ஆறு வாரத்தில் வண்டு. வேப்பிலை, காய்ந்த மிளகாய் போட்டும் பயனில்லை. - ஈசூன் வாசகி

உங்கள் சமையலறை சுத்தத்தில் குறை இல்லை, அம்மா. வண்டு பெரும்பாலும் மூட்டையோடேயே வந்துவிடுகிறது. தாய்வண்டு அரிசிமணியில் துளை போட்டு, ஒரு முட்டை வைத்து, துளையைப் பசை போட்டதுபோல் அடைத்துவிடும். பார்த்தால் மணி முழுசாகத்தான் தெரியும். உள்ளேயே புழு பொரிந்து, மணியைக் குடைந்து தின்று, நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். வேப்பிலை வெளியே திரியும் பூச்சியை ஓரளவு விரட்டலாம். மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

இனி 5 கிலோ பைகளாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பையாக நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டை செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பிரித்துவிடக் கூடாது. பையின் மேல் முத்து முத்தாக வேர்க்கும். அதைத் துடைத்து, ஒரு நாள் அப்படியே விட்டு, பை சாதாரணச் சூட்டுக்கு வந்தபிறகு ரப்பர் வளைய மூடி உள்ள டப்பாவில் கொட்டுங்கள். அவசரப்பட்டால் அந்த ஈரம் அரிசியில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். வண்டைவிடப் பூஞ்சைக்குத்தான் நான் பயப்படுவேன்.

கைக்குத்தல் அரிசியை மட்டும் இருப்பில் சேர்க்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஆறு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும்.

அரசாங்கமே அரிசி சேமிக்கிறதே, வீட்டில் எதற்கு? - தெம்பனிஸ் வாசகர்

ஓரளவு உண்மைதான். அரிசி இறக்குமதி செய்பவர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவுக்கு இருப்பு வைத்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியூரிலிருந்து வருகிறது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. அடுத்த மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு கிடைத்தது. கிடங்கில் அரிசி இருந்தாலும் அது கடை அலமாரிக்கு வந்துசேரச் சில நாள் பிடிக்கும். 2020 பிப்ரவரி 7 மாலை கொரோனாவுக்காக ஆரஞ்சு எச்சரிக்கை அறிவித்ததும் அலமாரிகள் காலியானது உங்களுக்கும் நினைவிருக்கும். வீட்டில் இரண்டு வாரத்துக்கு இருந்தால் அந்த நெரிசலில் நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை. கையில் காசு குறைவாக உள்ளவருக்கு உங்கள் பங்கு அலமாரியில் மிஞ்சும்.

நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் என் கணக்கு: அரிசி 10 கிலோ, பருப்பு வகை 3 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், உப்பு, புளி, மிளகாய்த்தூள், டின் மீனோ கொண்டைக்கடலையோ பத்து. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர், மூன்று நாளைக்காவது. வழக்கமாகச் சாப்பிடாத எதையும் வாங்காதீர்கள். பழையதை முன்னால் தள்ளி, புதியதைப் பின்னால் வையுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று வளர்ந்த என் மாமியார் கடைசிவரை அரிசி டப்பாவின் அடி தெரிய விட்டதில்லை.

தேதி தாண்டிய டின்னைச் சாப்பிடலாமா? - ஜூரோங்

தேதி தாண்டுவதற்குள் சாப்பிட்டு முடிப்பதுதான் நல்லது. தக்காளி சாஸில் உள்ள சார்டின், அன்னாசி போன்ற புளிப்புப் பண்டங்கள் டின்னை மெல்ல அரிக்கும். ஒன்றரை வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடலை, பீன்ஸ் இரண்டு வருடத்துக்கு மேலும் தாங்கும். ஆனால் தேதி எப்படி இருந்தாலும், டின் உப்பியிருந்தால், விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், நாக்கில் ஒரு துளிகூட வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை.

இணையத்தில் விற்கும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களை எதற்கெல்லாம் போடலாம்? - பொங்கோல்

நன்றாகக் காய்ந்த அரிசி, பருப்பு, ராகி ஆகியவற்றுக்கு. பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. சர்க்கரையில் போட்டால் கல்லாகிவிடும். உப்புக்குத் தேவையே இல்லை. ஈரப்பசை உள்ள தொக்கு, பாதி காய்ந்த கருவாடு இவற்றில் கண்டிப்பாக வேண்டாம். காற்றில்லாத ஈரத்தில்தான் மேலே சொன்ன நஞ்சு ஊறும்.

மின்சாரம் போய்விட்டால்? எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். - செங்காங்

2018 செப்டம்பர் 18 பின்னிரவில் தீவின் பல பகுதிகளில் மின்சாரம் போனது. 40 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அவ்வளவு நேரத்துக்கு ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை. அதற்கு மேல் என்றால் அவல். கெட்டி அவலைப் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பால் பவுடரும் வெல்லமும், அல்லது உப்பும் இட்லிப்பொடியும் எண்ணெயும் போட்டுப் பிசைந்தால் வயிறு நிறையும். பொரி, பேரீச்சம்பழம், வறுத்து அரைத்த சத்துமாவும் இருக்கட்டும். கையால் திறக்கும் டின் ஓப்பனர் மறக்காதீர்கள்.

இருப்புச் சாமானை பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் காப்பறையில்) வைக்கலாமா? - உட்லண்ட்ஸ்

வைக்கலாம், ஆனால் கதவைச் சாத்தியே வைத்தால் உள்ளே புழுக்கம் கட்டும். டப்பாக்களைத் தரையில் வைக்காமல் ஒரு பலகைமேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். எண்ணெயும் கடலையும் அங்கே வேண்டாம். வெயில் படாத சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும். ஆபத்து நேரத்தில் குடும்பம் போய் உட்கார வேண்டிய அறை அது. சாமானைச் சட்டென்று ஒதுக்கி ஆள் நுழைய முடிகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை செய்து பாருங்கள்.