டிரெயின் டியூபில் நீர் வருவது எப்போது நிற்கும்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வைத்திருக்கும் டிரெயின் டியூபில் இன்னும் தினமும் 60, 70 மில்லி மஞ்சள் நீர் வருகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். நோய் மிச்சமிருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இந்த நீருக்கும் நோய் மிச்சமிருப்பதற்கும் தொடர்பில்லை. முடிச்சுகளை எடுக்கும்போது அவற்றோடு சேர்ந்த மெல்லிய நிணநீர்க் குழாய்களும் அறுபடும். அவை அடைபடும்வரை நீர் கசியத்தான் செய்யும். ஆரம்பத்தில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் வைக்கோல் மஞ்சள் என்று நிறம் மாறி வந்திருந்தால் நல்லதுதான்.

தண்ணீரைக் குறைப்பதால் கசிவு நிற்காது, உடம்புதான் வாடும். வழக்கம்போலக் குடிக்கட்டும். கசியும் நீரோடு புரதமும் போகிறது என்பதால் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, பால் என ஏதாவது இருப்பது நல்லது.

ஒரு நாள் அளவைப் பார்த்துக் கலங்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், கையைக் கழுவிவிட்டு, டியூபின் முனையில் நீர் சேரும் பல்பை (அமுக்கக்கூடிய குடுவையை) காலி செய்து, அளந்து நோட்டில் எழுதுங்கள். பல்பை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அமுக்காமல் மூடினால் உறிஞ்சும் விசை இருக்காது, நீர் உள்ளேயே தேங்கிவிடும். பொதுவாக 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் டியூபை எடுப்பார்கள். அதிக நாள் இருந்தால் கிருமித் தொற்று வரலாம் என்பதால், அளவு குறையாவிட்டாலும் சில மருத்துவர்கள் எடுத்துவிடுவதுண்டு. அந்த முடிவை அவர்களிடமே விடுங்கள், நீங்களாக உருவ வேண்டாம்.

திடீரென நீர் நின்று அக்குள் வீங்கினால் டியூப் அடைத்திருக்கலாம். அன்றே போன் செய்யுங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம், மறுபடி பளிச்சென்ற ரத்தம், பால்போல் வெள்ளை நீர், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

டியூபை எடுத்த பிறகு அங்கே நீர் கட்டிக்கொள்வது சகஜம். சிறியதென்றால் தானே வற்றும். பெரிதாகி இழுத்துப் பிடித்தால் மருத்துவமனையில் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், சிலருக்கு இரண்டு மூன்று முறைகூட. கையை அசைக்காமல் கட்டிப்போட்டு வைக்காதீர்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகள் இப்போதே நடக்கலாம். தோளுக்கு மேல் தூக்குவதும் கனமான பை சுமப்பதும் மட்டும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு.