முதல் அச்சு எது என்று காட்டும் நடுச்சீட்டு

வணக்கம். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் ஆங்கிலேய நாட்டுப்புற ராக் இசைக்குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டை 1969ஆம் ஆண்டின் முதல் அச்சு என்று சொல்லி உங்களுக்கு விற்றதாகவும், தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டமான நடுச்சீட்டில் தென்னைமரப் படமும் சுற்றிலும் இளஞ்சிவப்பு விளிம்பும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் அச்சு அன்று. அதை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் அந்த ஆண்டில் முழுவதும் இளஞ்சிவப்பான நடுச்சீட்டையே பயன்படுத்தியது. தென்னைமரம் 1970களில் வந்தது. ஐஎல்பிஎஸ் 9115 என்னும் வெளியீட்டுப் பட்டியல் எண் பிந்தைய அச்சிலும் தொடர்வதால், எண்ணை மட்டும் நம்பி வாங்குபவர்கள் எளிதில் ஏமாந்துவிடுகிறார்கள். விற்றவரிடம் விலை வித்தியாசத்தைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் தேய்ந்து சாம்பல் பூக்காமல் கறுத்துப் பளபளத்தால், எட்டு நிமிடம் நீளும் 'மேட்டி க்ரோவ்ஸ்' பாடலில் குழுவின் பாடகி சாண்டி டென்னியின் குரல் இரைச்சலின்றிக் கேட்கவே வாய்ப்பு அதிகம். கேட்பதற்கு அது அருமையான பிரதிதான்.