முதலாளி பொய் சொல்லச் சொல்கிறார் என்ற கேள்விக்கு

சொல்லாதீர்கள். நீங்கள் வேலை பார்ப்பது சிங்கப்பூர்த் தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்த்துவிடும் ஏஜெண்ட் ஆபீஸில். 'படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைச் சமாளிக்கலாம்' என்று திருச்சிப் பெற்றோரிடம் பேசச் சொல்கிறார் உங்கள் முதலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர் வேலை பார்க்கலாம் என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு போட்டிருக்கும் பட்டியலில் இல்லாத தனியார் கல்லூரி என்றால், ஸ்டூடண்ட் பாஸில் (மாணவர் அனுமதியில்) வரும் பையன் இங்கே வேலை பார்க்க முடியாது. விடுமுறையிலும்தான். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுபவன் அவன், உங்கள் முதலாளி இல்லை.

நகையை அடகு வைத்துப் பணம் அனுப்புகிற அம்மாவுக்கு இது முதலிலேயே தெரியவேண்டும். கல்லூரியும் மாணவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணம் திரும்பத் தரும் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 வேலை நாள் உண்டு. பல ஏஜெண்டுகள் வாயே திறக்காத விஷயம் அது. கட்டணம் கல்லூரியின் கணக்குக்குத்தான் போகவேண்டும், உங்கள் ஆபீஸ் கணக்குக்கு அல்ல. எடுடிரஸ்ட் என்னும் தனியார் கல்லூரித் தரச் சான்றிதழையும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் தளத்தில் அவர்களே பார்க்கட்டும்.

கமிஷன் வாங்குவது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்புறம், முதலாளியிடம் அந்தப் பகுதிநேர வேலை வசனத்தை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார் என்றே நினைக்கிறேன். தந்தால் பத்திரமாக வைத்துக்கொண்டு நேரே கல்லூரி நிர்வாகத்திடம் போங்கள். ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர்களுடையது.