சீகை விறகா, சிலிண்டரா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். அரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கேரட். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் வீட்டில் சீகை (வாட்டில் மரம்) விறகுதான். இப்போது கேஸ். கோவையில் படிக்கும் மகன் லீவுக்கு வந்தவன், "பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும்தான் பூமியைச் சூடாக்குகின்றன. மரம் வெட்டினால் திரும்ப முளைக்கும். விறகுக்கே போய்விடலாம்மா" என்கிறான். சீகைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அவன் சொல்வது சரியா? இன்னொன்று: மார்கழியில் சிலிண்டர் தீரும் முன்பே தீ இறங்கிவிடுகிறதே, ஏன்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்வியில் வம்பில்லை, அதை முதலில் முடித்துவிடுகிறேன். சிலிண்டரில் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேனின் கொதிநிலையோ பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. எரிய எரிய புரோப்பேன் முந்திக்கொண்டு தீர்ந்துவிட, அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். உறைபனி விழுந்த காலையில் அது எளிதில் மேலே வராது. தூக்கிப் பார்த்தால் சிலிண்டர் கனக்கும், பர்னரில் நீலத் தீ மட்டும் சோம்பலாக நிற்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். சிலிண்டருக்கு அடியில் கங்கு வைத்துச் சூடாக்கும் துணிச்சல்காரர்கள் உண்டு. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

இனி உங்கள் மகன். அவர் இரண்டு பொருளை ஒன்றாகக் கட்டிவிட்டார். இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். எரித்தால் அதே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிடப் பாதியளவுதான் கரியமில வாயு வரும். எரியாமல் கிணற்றிலோ குழாயிலோ கசிந்தால்தான் ஆபத்து. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும். உங்கள் சிலிண்டரில் அந்த மீத்தேன் இல்லை. எண்ணெய் சுத்திகரிப்பிலும் இயற்கை எரிவாயுவைப் பிரிக்கும்போதும் கிடைக்கிற வேறு வாயுக்கள் அவை. அதற்காக அது மாசில்லாத எரிபொருள் என்று சொல்லமாட்டேன். 14.2 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு ஆகிறது.

சரி, 42 கிலோ என்பது அதிகமா? ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ என்றால், உங்கள் சிலிண்டர் 18 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். சென்னையிலிருந்து ஊட்டிக்கு ஒரு கார் வந்து திரும்பினாலே 70 லிட்டர் பக்கம் குடித்துவிடும். அதாவது நாலு சிலிண்டர். கோடையில் இ-பாஸ் போட்டும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அவற்றைச் சொல்கிறேன். மகனிடம் பைக் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

விறகில் பாவமில்லை என்பது உண்மைதான், அதுவும் சீகையில். வெள்ளைக்காரர் காலத்தில் ஊட்டியில் குளிர்காய்வதற்குச் சோலை மரங்கள் போயின. அதற்கு மாற்றாகத்தான் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் கொண்டுவந்து நட்டார்கள். சீகை புல்வெளிகளை விழுங்கிவிட்டது. இன்று உயர்நீதிமன்ற உத்தரவின்படி வனத்துறை அதை அகற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே வெந்நீருக்கு, வெளியே இருக்கும் அடுப்பில் தாராளமாக எரியுங்கள்.

சமையலறைக்குள் வேண்டாம். மலை வீடுகளில் குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைக்கிறோம். கூரையில் கரி, கண்ணில் எரிச்சல், நெஞ்சில் சளி, இதெல்லாம் உங்கள் மாமியார் காலத்தில் வீட்டுப் பெண்களின் பங்காகவே இருந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். உங்களுக்கு மனசு வராததில் நியாயம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இயற்கை எரிவாயு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் உர மூட்டையைக் காட்டுவேன். யூரியா செய்யத் தேவைப்படும் அமோனியாவை நம் நாட்டில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்த வாயுவில் பெரும்பங்கு கப்பலில் திரவமாக வந்து இறங்குகிறது. அப்படிச் செய்த உரத்தைக் கேரட் பாத்தியில் தேவைக்கு மேல் போட்டால், ஒரு பங்கு மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும். கரியமில வாயுவைப்போல 270 மடங்கு சூடேற்றும் சரக்கு அது. மழையில் கரைந்து ஓடும் இழப்பு மலைச்சரிவில் இன்னும் அதிகம், ஏனென்றால் தண்ணீர் நிற்பதில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு மூட்டை போட்டார் என்று நாமும் போடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

மகன் ஊரில் இருக்கும்போதே தோட்டத்து மண்ணை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்துவரச் சொல்லுங்கள். தழைச்சத்து எவ்வளவு தேவை என்று எழுதிக் கொடுப்பார்கள். போடுவதையும் ஒரே தடவையாகக் கொட்டாமல், பெருமழை இல்லாத நாளாகப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள்.

அன்புடன்.