ராஜினாமாக் கடிதத்தை நீட்டாதீர்கள்

கேள்வி: இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை சீசனில் 20 பேர் வேலை செய்தார்கள். இப்போது, ஒக்டோபரில், 12 பேர்தான். வரவேற்பு மேசையில் 6 வருடமாக இருப்பவர் இந்த வருடம் மூன்று தடவை ஒரே அறையை இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டார். நேரத்துக்கும் வருவதில்லை. கேட்டால் விருந்தினர் முன்னாலேயே எதிர்த்துப் பேசுகிறார். ராஜினாமாக் கடிதத்தில் கையொப்பம் வாங்கி அனுப்பிவிடலாமா?

பதில்: அதை மட்டும் செய்ய வேண்டாம். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவை, வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை, நீங்களே வேலையை விட்டு நிறுத்தியதாகத்தான் பார்க்கும். 6 மாதத்துக்குள் அவர் அங்கே விண்ணப்பித்தால், நிறுத்தியது நியாயம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள். தவறினால் மறுபடி வேலையோ நட்டஈடோ கொடுக்க நேரும்.

இப்போது 12 பேர்தானே என்றும் நினைக்காதீர்கள். தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், முந்தைய 6 மாதத்தின் சராசரியைத்தான் பார்க்கிறது; அது 15 பேருக்குக் குறையாவிட்டால் சட்டம் பொருந்தும். சீசன் ஆட்களும் சேர்வதால் நீங்கள் 15ஐத் தாண்டிவிடுகிறீர்கள். ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும்.

உங்கள் முறைப்பாட்டில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அறைப் பதிவில் பிழை விடுவது திறமைக் குறைவு. அது குற்றம் அல்ல. பதிவுமுறையை இந்த வருடம் மாற்றினீர்களா, அவருக்கு யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்களா? நியாய சபையும் இதைக் கேட்கும், நானும் கேட்கிறேன். 5 வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவர் திடீரென்று தடுமாறுகிறார் என்றால், வீட்டில் என்ன நிலைமை என்று ஒருநாள் உட்கார்ந்து விசாரியுங்கள். என்ன முன்னேற்றம் வேண்டும், எத்தனை வாரத்துக்குள் என்று எழுதிக் கொடுங்கள்.

பிந்தி வருவதும் எதிர்த்துப் பேசுவதும் வேறு. அவை ஒழுக்காற்று விஷயம். திகதியும் நேரமும் குறிப்பிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பதிலை வாங்குங்கள். திரும்பவும் நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை, அப்புறம் குற்றச்சாட்டுப் பத்திரம், சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவர் நடத்தும் உள்ளக விசாரணை. அதில் குற்றம் நிரூபணமாகி நிறுத்தினாலும், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்றால், ஒரு தொகை பேசி, யோசிக்க நாள் கொடுத்து, அவர் விரும்பினால் மட்டும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பணிக்கொடை அதற்குள் அடங்காது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 6 வருடத்துக்கு 3 மாதச் சம்பளம், 30 நாளுக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இதுவரை கடிதம் எதுவும் கொடுக்கவில்லை என்றால் இன்றைய திகதியில் முதல் கடிதத்தை எழுதுங்கள். பழைய திகதி போட்டு எதையும் கோப்பில் சேர்க்க வேண்டாம்.